வாடகைக்கு விட்ட வீட்டில் 7 வருடம்: என் காம்பி பாய்லரும் நானும்

போன வாரம் பாய்லர் ரிப்பேருக்குப் பணம் கட்டிவிட்டு வந்த அன்று இரவுதான் நண்பன் போன் செய்தான். அவனும் வீட்டை வாடகைக்கு விடப்போகிறானாம். பழைய பாய்லரைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று போட வேண்டும். "உன் வீட்டில் இருக்கிறதே, அதையே போடட்டுமா?" என்றான். கேட்ட நேரம் சரியில்லை. "போடாதே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் யோசித்தால், கோபத்தில் பாதிதான் பாய்லருக்குச் சேர வேண்டியது, மீதி எனக்கு. அதனால் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

வீட்டில் இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை, 7 ரேடியேட்டர். பாய்லர் 28 கிலோவாட், எரிவாயுவில் ஓடுவது, கண்டென்சிங் வகை (புகையில் போகும் வெப்பத்தையும் பிடிக்கக்கூடியது) காம்பி. அதாவது வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் குழாய்ச் சுடுதண்ணீருக்கும் ஒரே பெட்டி. சுடுதண்ணீருக்குத் தனித் தொட்டி கிடையாது. ஒரே குளியலறை என்பதால் காம்பி சரியான தேர்வுதான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஷவரைத் திறக்கிற வீடு என்றால் காம்பியே வேண்டாம், தொட்டி வைத்ததைப் போடுங்கள்.

வாங்கும்போது கடையில் 35 கிலோவாட் எடுக்கச் சொல்லி ஒரே பிடியாக நின்றார்கள். காம்பியில் அந்த எண் சுடுதண்ணீருக்கானது. 24 கிலோவாட் இருந்தால், உள்ளே வரும் தண்ணீரை 35 டிகிரி கூட்டி நிமிடத்துக்குப் பத்து லிட்டர் அளவில் தரும். 28 என்றால் பதினொன்றரை. ஒரு ஷவருக்குத் தாராளம். ரேடியேட்டர்களுக்கோ இந்த வீட்டில் கடுங்குளிரிலும் 6 கிலோவாட் போதும். பாய்லர் தன்னைக் குறைத்துக்கொள்ளக்கூடிய அடிமட்டம் 7. அதாவது மிதமான குளிரில் பற்றும், இரண்டு நிமிடத்தில் அணையும், மறுபடி பற்றும். முதல் குளிர்காலம் முழுக்க இப்படித்தான் ஓடியது. "ராத்திரி டக் டக் என்று சத்தம் வருகிறது சார்" என்று குடியிருந்தவர் சொன்னபோது நான் பேய்க்கதை என்று நினைத்தேன். பிறகு மெக்கானிக் மெனுவுக்குள் போய், ரேடியேட்டர் பக்கத்துக்கு மட்டும் உச்சத்தை 9 கிலோவாட்டாகக் கட்டிவைத்தார். சத்தம் போகவில்லை, பாதியாகக் குறைந்தது. வாங்குகிறவர்கள் உச்சத்தைக் கேட்பதோடு, எவ்வளவு கீழே இறங்கும் என்றும் கேளுங்கள்.

எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று உண்டு. முகப்பில் இரண்டே குமிழ்கள்: ஒன்று ரேடியேட்டருக்கு, ஒன்று சுடுதண்ணீருக்கு. 7 வருடத்தில் மூன்று குடித்தனம் மாறியிருக்கிறது. ஒருவருக்கும் நான் பாடம் எடுத்ததில்லை. நடுவில் புத்திசாலித்தனமாக, அறைச் சூட்டைக் கட்டுப்படுத்த வைஃபை தெர்மோஸ்டாட் ஒன்றை மாட்டினேன். முதலில் இருந்தவர் காலி செய்து போன பிறகும் கணக்கு அவர் போனிலேயே கிடந்தது. புதிதாக வந்தவர்கள் 21 வைத்தால் அது தானாக 16-க்கு இறங்கியது. பழைய அட்டவணை அங்கிருந்தே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது! சரி, கணக்கை என் போனுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றால், அடுத்தவர் வீட்டில் எப்போது ஆள் இருக்கிறார்கள் என்று நான் உட்கார்ந்து பார்ப்பது எனக்கே அருவருப்பாக இருந்தது. கழற்றிவிட்டுச் சாதாரண தெர்மோஸ்டாட்டையே மாட்டினேன்.

இப்போது என் தலைவலிக்கு வருகிறேன். பிரஷர்.

ரேடியேட்டர் சுற்றில் இருப்பது மூடிய தண்ணீர். குளிர்ந்திருக்கும்போது பிரஷர் காட்டும் முள் 1-க்கும் 1.5 பாருக்கும் (பார் என்பது அழுத்த அளவு) நடுவில் நிற்க வேண்டும். சூடானால் தண்ணீர் விரியும். என் வீட்டுச் சுற்றில் ஏறக்குறைய 80 லிட்டர். அது 10 டிகிரியிலிருந்து 70-க்குப் போனால் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடும். அந்தக் கூடுதலை வாங்கிக்கொள்ள பாய்லருக்குள்ளேயே ஒரு தகர டப்பா இருக்கிறது. நடுவில் ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. விரிவுத் தொட்டி என்பார்கள். அதில் காற்று போய்விட்டால் விரிகிற தண்ணீருக்கு இடமில்லை. முள் விறுவிறுவென்று 3 பாருக்கு ஏறும், பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே துப்பும். ஆறியதும் உள்ளே தண்ணீர் குறைவு. முள் அரைக்குக் கீழே, பாய்லர் வேலைநிறுத்தம்.

இது எனக்கு இப்போது புரிகிறது. நான்காவது வருடம் புரியவில்லை. இரவு பத்தரைக்குப் போன் வரும்: "சார், சுடுதண்ணீர் வரவில்லை." முள்ளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். 0.4. பாய்லருக்குக் கீழே இருக்கும் சின்ன வால்வு இரண்டையும் மெதுவாகத் திருப்பச் சொல்வேன். "1.2 வந்ததும் நிறுத்துங்கள்." அவர் ஒரு கையில் போன், ஒரு கையில் வால்வு. ஒரு தடவை 2.8 வரை ஏற்றிவிட்டார். இன்னொரு தடவை வால்வுகளை முழுக்க மூடாமல் விட்டு, விடிய விடிய வெளிச் சுவரில் தண்ணீர் வழிந்தது. அவர் மேல் தப்பில்லை. வாடகை கொடுக்கிறவர் எதற்காக நடுராத்திரியில் பிளம்பர் வேலை பார்க்க வேண்டும்?

மேலே மேலே தண்ணீர் நிரப்புவதில் வேறு ஆபத்தும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரோடு ஆக்சிஜன் உள்ளே போகும். ரேடியேட்டரின் உட்புறம் துருப்பிடிக்கும். கருப்புச் சேறு கிளம்பி பம்ப்பையும் வெப்பமாற்றியையும் அடைக்கும். துருத்தடுப்பு மருந்தும் நீர்த்துப் போகும். காந்த வடிகட்டி போட்டிருந்ததால் நான் தப்பித்தேன். சர்வீஸில் அதைத் திறந்தபோது உள்ளே காந்தத்தைச் சுற்றி மை மாதிரி கறுகறுவென்று அப்பியிருந்தது.

முதல் மெக்கானிக் வந்து, ஏதோ ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று சொல்லி இரண்டு வால்வை மாற்றிப் பில் கொடுத்தார். மூன்று வாரத்தில் பழைய கதை. இரண்டாமவர் பாதுகாப்பு வால்வை மாற்றினார். அதுவும் தேவைதான், ஒரு தடவை துப்பிய வால்வு நடுவில் தூசி சிக்கிப் பல சமயம் ஒழுங்காக மூடாது. ஆனால் அது விளைவு, காரணம் இல்லை. மூன்றாவதாகப் போன வாரம் வந்தவர் எதையும் கழற்றவில்லை. பாய்லரை அணைத்துவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கையைப் பின்பக்கமாக நுழைத்தார். அங்கே கார் டயரில் இருக்கிற மாதிரியே ஒரு காற்று வால்வு. அதன் நடு ஊசியை நகத்தால் அழுத்தினார். காற்று வர வேண்டிய இடத்தில் கருப்புத் தண்ணீர் பீய்ச்சி அவர் சட்டைக் கையை நனைத்தது. "சவ்வு கிழிந்துவிட்டது" என்றார். அரை நிமிடம்.

சரி, மாற்றுங்கள் என்றேன். அப்போதுதான் சொன்னார்: இந்த மாடலில் விரிவுத் தொட்டி பாய்லரின் முதுகில் இருக்கிறது, சுவரோடு ஒட்டி. அதை எடுக்க வேண்டுமென்றால் தண்ணீரை வடித்து, எரிவாயுக் குழாயைக் கழற்றி, புகைக்குழாயைப் பிரித்து, பாய்லரையே சுவரிலிருந்து இறக்க வேண்டும். ஒரு ரப்பர் சவ்வுக்காக! இதை வரைந்த பொறியாளர் வாழ்நாளில் ஒரு தடவையாவது ஸ்பேனரைத் தொட்டிருப்பாரா என்று தெரியவில்லை. கடைசியில் பழையதை அப்படியே செத்துக்கிடக்க விட்டுவிட்டு, ரேடியேட்டருக்கு ஓடும் குழாயில் வெளியே புதிதாக ஒரு தொட்டியை இணைத்தார். சிவப்பு நிறம், அலமாரிக்குள் பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வேலை செய்கிறது.

உத்தரவாதம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 10 வருடம்தான் கொடுத்தார்கள், வருடா வருடம் சர்வீஸ் செய்த பதிவு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மூன்றாவது வருடம் குடியிருந்தவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள், நான் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டேன். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. இது முழுக்க என் தப்பு. பணத்தை விடுங்கள், எரிவாயு எரிகிற சாதனத்தை இன்னொரு குடும்பம் தூங்குகிற வீட்டில் வைத்துவிட்டு சர்வீஸைத் தள்ளிப்போட்டது நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. கார்பன் மோனாக்ஸைடுக்கு மணம் கிடையாது. அலாரம் வைத்திருக்கிறேன், அதன் பேட்டரியை நானே போய்ப் பார்க்கிறேன்.

சிக்கனம் பற்றி ஒரு வார்த்தை. திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி தண்ணீராகி, அதிலுள்ள வெப்பமும் நமக்குக் கிடைக்கும். குமிழை 80-ல் வைத்து ஓட்டினால் கண்டென்சிங் என்பது பெட்டியில் ஒட்டிய பெயர்தான். இப்போது இருக்கும் பெண்மணியிடம் சொல்லி 60-க்கு இறக்கினோம். வீடு சூடாவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது, ஆனால் கேஸ் பில் குறைந்தது என்று அவரே சொன்னார். லாபம் அவருக்கு. பாய்லர் வாங்கிய பணம் என்னுடையது. வாடகை வீட்டில் கணக்கு இப்படித்தான் பிரியும். எரிபொருள் சிக்கனம் குடியிருப்பவருக்கு, ரிப்பேர் நமக்கு.

ஆக, பிரஷர் விழுந்த இரவுகளை விட்டால், 7 வருடத்தில் சுடுதண்ணீர் தரத்தில் ஒரு புகாரும் இல்லை. எரிப்பான், பம்ப், மின்பலகை எதுவும் போகவில்லை. யாருக்கும் குழப்பம் தராத முகப்பு. மதிப்பெண் போடச் சொன்னால் பத்துக்கு எட்டு போடுவேன். நண்பனுக்கு மறுபடி போன் செய்து என்ன சொன்னேன் தெரியுமா? வாங்காதே என்றுதான். எட்டு போட்ட கையாலேயே சொல்கிறேன், அந்த முதுகுத் தொட்டியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எந்த மாடல் பார்த்தாலும் கடையில் ஒரே கேள்வி கேள் என்றேன்: விரிவுத் தொட்டியை முன்பக்கமாகவே கழற்றி மாற்ற முடியுமா? நேற்று போய்க் கேட்டிருக்கிறான். விரிவுத் தொட்டி என்றால் எது என்று அவர்கள் இவனைக் கேட்டார்களாம்.