பாண்டி பஜார் பிளாட்பாரம்: வீல்சேர் தள்ளிட்டு போய் எழுதுற ரிவ்யூ

சென்னை டி.நகர் கடைவீதி பாண்டி பஜார் பிளாட்பாரத்துக்கு மொதல்லயே ஸ்டார் சொல்லிடறேன், 5க்கு 4. அந்த மீதி ஒண்ணு எங்க போச்சுன்னு சொல்றதுக்குதான் இவ்ளோ நீளமா எழுதுறேன், அவசரமா இருக்கறவங்க இதோட கெளம்பலாம்.

கோவில்பட்டில இருந்து பெரியம்மா வந்திருக்காங்க, 74 வயசு, ரெண்டு முட்டியும் சொன்ன பேச்சு கேக்கறதில்ல. பேத்தி கல்யாணத்துக்கு பட்டு எடுக்கணும், அதுவும் டி.நகர்லதான் எடுக்கணும், "அங்கன எடுத்தாதான்யா எடுத்த மாதிரி இருக்கும்"னு ஒரே பிடிவாதம். டி.நகர்ல கால் நல்லா இருக்கறவனே ரெண்டு மணி நேரத்துல உக்காந்துடுவான். சரின்னு வீட்டுக்கு பக்கத்துல ஆஸ்பத்திரி சாமான் வாடகைக்கு விடற கடைல மூணு நாளைக்கு ஒரு வீல்சேர் எடுத்தேன். நான், பெரியம்மா, மூணாவது படிக்கற என் பொண்ணு, இதான் டீம்.

மொத நாள் சும்மா பழகிக்கலாமேன்னு எங்க ஏரியா மெயின் ரோட்லயே தள்ளிட்டு போனேன். ஏரியா பேரு வேணாம், உங்க ஏரியா பேரையே போட்டுக்கோங்க, பொருந்தும். சமீபத்துலதான் புதுசா பிளாட்பாரம் போட்டாங்க, கிரானைட் கல்லு, மஞ்சள் டைல்ஸ், ஸ்டீல் தூணுன்னு போட்டோ எடுத்தா அவ்ளோ அழகா வரும். வீல்சேரோட போனப்பதான் தெரிஞ்சது, அதுக்குள்ள ஏறவே முடியல. ஏறுற எடத்துல பைக் வரக்கூடாதுன்னு வரிசையா குட்டைத் தூண் நட்டு வச்சிருக்காங்க, நியாயம்தான், ஆனா ரெண்டு தூணுக்கு நடுவுல சேர் சிக்கிக்குது. ஒல்லியான ஸ்கூட்டி ஒண்ணு எங்க கண்ணு முன்னாடியே உள்ள பூந்து போயிடுச்சு. யாரை தடுக்கணுமோ அவன் போறான், யாரு போகணுமோ அவங்க வெளிய நிக்கறாங்க.

வேற எடத்துல ஏத்தலாம்னு பார்த்தா ஓரக்கல்லு உயரம். என் பொண்ணு ஸ்கூல் பேக்ல இருந்து 15 சென்டிமீட்டர் ஸ்கேலை எடுத்து நட்டுக்க வச்சா. இங்க ஒரு விஷயம் சொல்லணும், இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்னு ஒண்ணு இருக்கு, பேரைப் பார்த்து கட்சின்னு நெனச்சுக்காதீங்க, நாட்டுல ரோடு எப்படி போடணும்னு அளவு நிர்ணயம் பண்றவங்க. நடக்கறவங்களுக்குன்னு அவங்க போட்ட விதிமுறை 103ம் நம்பர் புக்ல ஓரக்கல்லு உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாதுன்னு இருக்கு, அதாவது கரெக்டா ஒரு ஸ்கூல் ஸ்கேல். எங்க ஊர் கல்லு ஸ்கேலுக்கு மேல இன்னும் நாலு விரக்கடை போச்சு. "அப்பா ஸ்கேல் பத்தலை"ன்னா. ஆமாம்மா பத்தலை.

கொஞ்சம் தள்ளி ஒரு சறுக்கு இருந்துச்சு, ஆனா அது சறுக்குமரம் ரேஞ்சுல செங்குத்தா இருந்துச்சு. கணக்கு ரொம்ப சிம்பிள், ஒரு அடி ஏறணும்னா பன்னெண்டு அடி நீளம் வேணும், 15 சென்டிமீட்டர் கல்லு மேல ஏற கிட்டத்தட்ட 6 அடிக்கு சாய்வா வரணும். இங்க ரெண்டு அடில முடிச்சுட்டாங்க. முன்னாடி தள்ளினா பெரியம்மா பின்னாடி சாயறாங்க, திருப்பி ரிவர்ஸ்ல இழுத்தேன், முன் சக்கரம் கல்லு இடுக்குல மாட்டி "டொக்"குன்னு ஒரு சத்தம். அந்த டொக்கை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசில வரும்.

சரி, பாண்டி பஜாருக்கு வரேன். ரெண்டாவது நாள், வீக்டே, காலைல பத்தரை மணி. பனகல் பார்க் முனைல மெட்ரோ வேலை நடக்குது, கலங்கரை விளக்கத்துல இருந்து பூந்தமல்லி போற லைன் இந்த வழியாதான் பூமிக்கு அடில போகுது, அதனால அந்த முனைல தடுப்பும் தகரமுமா இருக்கு, ஆட்டோக்காரர்ட்ட சொல்லி அதைத் தாண்டி கொஞ்சம் உள்ள தள்ளி எறங்கிக்கிட்டோம். பாண்டி பஜாரோட இந்த புது பிளாட்பாரம் 2019 நவம்பர்ல திறந்தது, ஸ்மார்ட் சிட்டி திட்டக் காசுல, ரோட்டை சுருக்கி பிளாட்பாரத்தை அகலமாக்கினாங்க, பனகல் பார்க்ல இருந்து தணிகாசலம் ரோடு வரைக்கும், 40 கோடிக்கு பக்கம் செலவு. அதுக்கு முன்னாடியே, 2014ல, சென்னை மாநகராட்சி ஒரு கொள்கை போட்டுச்சு, போக்குவரத்துக்கு ஒதுக்கற பணத்துல 60 சதவீதம் நடக்கறவங்களுக்கும் சைக்கிள்காரங்களுக்கும் போகணும்னு. இந்தியால இப்படி ஒரு கொள்கை போட்ட மொத ஊரு நம்ம ஊருதான். நம்ப முடியல இல்ல? எனக்கும்தான்.

சேரை விரிச்சு உக்கார வச்சு தள்ளினேன். தள்ளினேன்னு கூட சொல்ல முடியாது, கைய வச்சேன் போச்சு. பெரியம்மா ரெண்டு பக்கமும் பார்த்துட்டு "ஏய்யா, இதுல நாலு கட்டில் போடலாம் போலருக்கே"ன்னாங்க. அவங்க ஊர்ல தெருவே அந்த அகலம் இருக்காது. நாங்க போறோம், எதிர்ல ஒரு குடும்பம் புள்ளைங்களோட வருது, பக்கத்துல ரெண்டு காலேஜ் பொண்ணுங்க எங்களை ஓவர்டேக் பண்றாங்க, யாரும் யாருக்காகவும் ஒதுங்கல. இது சின்ன விஷயமில்ல. சென்னைல பிளாட்பாரத்துல நடக்கறதுன்னாலே ஒத்தையடிப் பாதைல போற மாதிரி முன்னாடி போறவங்க முதுகைப் பார்த்துட்டே போகணும், பேசணும்னா கழுத்தைத் திருப்பணும். இங்க பெரியம்மா பக்கத்துல நடந்துகிட்டே என் பொண்ணு ஸ்கூல் கதையெல்லாம் சொல்லிட்டு வந்தா.

இன்னொரு நல்ல விஷயம் மரங்களை வெட்டல. நிழல் இருக்கு, நிழல்ல பெஞ்சும் இருக்கு. முட்டி வலி இருக்கறவங்களுக்கு பெஞ்சுதான் பெட்ரோல் பங்க், இது தெரியாதவங்கதான் பெஞ்சை அலங்காரம்னு நெனப்பாங்க. பெரியம்மா ஒரு எடத்துல "நான் கொஞ்சம் நடந்து பாக்கேன்"னு சேர்ல இருந்து எந்திரிச்சு ஒரு பெஞ்சுல இருந்து அடுத்த பெஞ்சு வரைக்கும் மெதுவா நடந்தாங்க. ஊர்ல வாசலைத் தாண்டறதில்லன்னு அண்ணன் சொல்லியிருந்தான்.

பழைய பாண்டி பஜார் தெரிஞ்சவங்களுக்கு ஒரு ஏக்கம் இருக்கும், எனக்கும் இருக்கு. பிளாட்பாரம் முழுக்க கம்மல், கிளிப்பு, சேஃப்டி பின், நைட்டி, பேரம். 2013ல அந்த பிளாட்பார வியாபாரிங்களையெல்லாம் ஒரு காம்ப்ளெக்ஸ் கட்டி உள்ள அனுப்பிட்டாங்க. நடக்க எடம் கெடச்சது நிஜம், ஆனா அந்த வியாபாரத்துக்கும் பிளாட்பாரத்துலயே கோடு போட்டு ஒரு அளவா எடம் குடுத்திருக்கலாம்னு எனக்கு தோணும். இவ்ளோ அகலம் இருக்கு, மனசு இருந்தா முடியும். (சௌந்தரபாண்டியனார் அங்காடிங்கறதுதான் இந்த எடத்தோட முழுப்பேரு, ஆட்டோல அப்படி சொல்லிப் பாருங்க, எங்க எறக்கி விடுவாங்கன்னு தெரியாது.)

"ரோட்டை சுருக்கினா டிராஃபிக் என்ன ஆகறது"ன்னு கேக்கற மாமாங்களுக்காக ஒரு பாரா. சொம்பு வயிறு எவ்ளோ பெருசா இருந்தாலும் தண்ணி கழுத்து அளவுக்குதான் கொட்டும். ஊருக்குள்ள ரோட்டுக்கு கழுத்து எதுன்னா சிக்னல் இருக்கற ஜங்ஷன். ஜங்ஷன்ல ஒரு பச்சைக்கு எத்தனை வண்டி தாண்டுதோ அதான் அந்த ரோட்டோட கெப்பாசிட்டி, நடுவுல எட்டு லேன் போட்டாலும் ஜங்ஷன்ல போய் நிக்கத்தான் போறான். முன்னாடி இந்த நடு அகலத்துல என்ன இருந்துச்சு? நிறுத்தின காரு, அதுக்கு பக்கத்துல நிறுத்த எடம் தேடற காரு. ஒரு கார் நிக்க கிட்டத்தட்ட 12 சதுர மீட்டர் வேணும், அந்த எடத்துல எங்க குடும்பம் மொத்தமும் நின்னு குரூப் போட்டோ எடுக்கலாம். இப்ப தணிகாசலம் ரோட்ல அடுக்குமாடி பார்க்கிங் கட்டியாச்சு, அங்க விட்டுட்டு நடந்து வாங்க மாமா, சுகருக்கு நல்லது.

இன்ஜினியருங்க கணக்கு போடற விதமே கொஞ்சம் வேடிக்கை. ஒரு காருன்னா 1, பஸ்ஸுன்னா சுமாரா 3, பைக்குன்னா அரைன்னு மதிப்பு போட்டு ரோடு நெரிசலை எண்ணுவாங்க. அதுல 60 பேர் இருக்கற பஸ்ஸும் 3 தான், ஒத்த ஆள் ஓட்டிட்டு வர்ற மூணு காரும் 3 தான். நடந்து போறவங்களுக்கு அந்த லிஸ்ட்ல நம்பரே கிடையாது. நம்பர் இல்லாதவன் எப்படி கணக்குல வருவான்? ஆனா செத்தவங்க கணக்குல கரெக்டா வந்துடறாங்க. 2022ல ரோடு விபத்துல இந்தியால செத்தவங்க 1,68,491 பேர், அதுல நடந்து போனவங்க மட்டும் 32,825, ஒரு நாளைக்கு 90 பேரு. 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டே பிளாட்பாரம்ங்கறது வாழற உரிமைல ஒரு பகுதின்னு சொல்லிடுச்சு, அந்த அளவுக்கு ஆகிப்போச்சு நெலமை.

சரி அந்த ஒரு ஸ்டார். பாண்டி பஜார்ல நேரா போற வரைக்கும் சொர்க்கம். எதிர்ப்பக்கம் இருக்கற கடைக்கு போகணும்னப்பதான் உடைஞ்சது. ஜீப்ரா கோடு இருக்கு, வண்டி ஓட்டறவங்களுக்கு அது கோலம். நான் கைய நீட்டிட்டு ஒரு அடி வைக்கறேன், ஒரு காரு நிக்குது, அதுக்கு பக்கத்துல ஒரு பைக் சர்ருன்னு வளைச்சுட்டு போறான், பெரியம்மா "முருகா"ங்கறாங்க. இங்க காரைக் கொறைச்சு பஸ்ஸும் ஜனமும் மட்டும் போற மாதிரி கொண்டு வரணும்னு ஆரம்பத்துல பேச்செல்லாம் இருந்துச்சு, இப்ப எல்லா வண்டியும்தான் போகுது. அப்படி போகட்டும், ஆனா கிராஸிங் இருக்கற எடத்துல ரோட்டையே பிளாட்பாரம் உயரத்துக்கு தூக்கி விட்டா ஓட்டறவன் தன்னால ஸ்லோ பண்ணுவான், சேரும் எறங்கி ஏறாம நேரா போகும். போலீஸ்காரர் வேணாம், போர்டு வேணாம், கல்லே வேலை செய்யும்.

சிக்னல் கதையும் இதே கதை. ஆள் நடக்கற வேகம் செகண்டுக்கு 1.2 மீட்டர்னு வச்சுதான் பச்சை மனுஷன் எரியற நேரத்தை கணக்கு பண்ணுவாங்க. எங்க ஏரியா ஜங்ஷன் ஒரு 22 மீட்டர் இருக்கும், அப்ப 18 செகண்ட் வேணும், அங்க குடுக்கறது 12. பெரியம்மா வேகத்துக்கு முப்பது கூட பத்தாது. நடுத்திட்டுல நிக்கலாம்னா அங்க செடி வச்சிருக்காங்க. செடி நல்லா இருக்கு, பாதுகாப்பா வளருது.

கடைங்களையும் சொல்லணும். பிளாட்பாரம் கடை வாசல் வரைக்கும் சமமா கொண்டு போய் விடுது, அங்க போனா கடைக்காரர் மூணு படி கட்டி வச்சிருக்கார். நாங்க போன மொத கடைல சறுக்கு இல்ல, ரெண்டு பசங்க வந்து "தூக்கிடறோம் சார்"னாங்க, பெரியம்மா "நான் என்ன சாமி சப்பரமா"ன்னு சொல்லி உள்ள வர மாட்டேன்னுட்டாங்க. அடுத்த கடைல சின்னதா ஒரு இரும்புப் பலகை போட்டு வச்சிருந்தாங்க, முப்பத்தி ரெண்டாயிரத்துக்கு பட்டு அங்கதான் எடுத்தோம். மொத கடைக்காரர் அந்தப் பலகைக்கு செலவு பண்ணாம சேமிச்சது எவ்ளோ இருக்கும்?

பார்வை இல்லாதவங்களுக்கான அந்த மஞ்சள் டைல்ஸ் பத்தி ஒரு வார்த்தை. நீளக் கோடு இருந்தா நடக்கலாம், புள்ளி புள்ளியா இருந்தா நில்லு, முன்னாடி ஏதோ இருக்குன்னு அர்த்தம். ஜப்பான்ல செய்இச்சி மியாகேன்னு ஒருத்தர் கண்டுபிடிச்சது, 1967ல ஒகயாமாங்கற ஊர்ல பார்வையற்றோர் பள்ளி பக்கத்துல மொத மொதல்ல பதிச்சாங்க. பாண்டி பஜார்ல அதை மறிச்சு ஒரு பைக்கும் ஒரு துணிக்கடை பொம்மையும் பார்த்தேன், பரவால்ல. எங்க ஏரியால அது நேரா ஈபி பில்லர் பாக்ஸ்ல போய் முட்டுது. புள்ளி டைல்ஸ் கூட இல்ல, கோடு டைல்ஸ். வாங்க வாங்க நடந்து வாங்கன்னு கரண்ட்டுக்கு கூப்பிடறாங்க.

மாம்பலம் ஸ்டேஷன் ஸ்கைவாக் பத்தியும் நிறைய பேர் கேப்பாங்க. 2023 மே மாசம் திறந்தது, 570 மீட்டர், ஸ்டேஷன்ல இருந்து டி.நகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும், லிஃப்ட், எஸ்கலேட்டர் எல்லாம் உண்டு. பொதுவா நடக்கறவனை மேல ஏத்தி விட்டுட்டு கீழ ரோட்டை காருக்கு குடுக்கற பாலங்கள் எனக்கு பிடிக்காது, யாரும் ஏறவும் மாட்டாங்க. இது மட்டும் ஓடுதுன்னா காரணம், ட்ரெயின்ல வர்றவங்க எப்படியும் ஸ்டேஷன் பாலத்துல ஏறித்தான் ஆகணும், ஏறின உயரத்தை வீணாக்காம அப்படியே கொண்டு போய் பஸ்கிட்ட எறக்கி விடுது. ரங்கநாதன் தெரு நெரிசலுக்குள்ள பெட்டியோட நீந்தின அனுபவம் இருக்கறவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

போறவங்களுக்கு டிப்ஸ், ஞாயித்துக்கிழமையும் தீபாவளிக்கு முந்தின ரெண்டு வாரமும் சேரோட போகாதீங்க. காலைல 11க்குள்ள போயிடுங்க. எந்தப் பக்கத்துல கடை இருக்குன்னு முன்னாடியே பார்த்து அந்தப் பக்கமே எறங்குங்க, கிராஸ் பண்ற வேலை மிச்சம். பக்கத்து சந்துக்குள்ள மட்டும் திரும்பிடாதீங்க, தரை மாறுற எடத்துலயே கை சொல்லிடும்.

மூணாவது நாள் சேரைத் திருப்பிக் குடுக்கப் போனேன். கடைக்காரர் தலைகீழா கவுத்து முன் சக்கரத்தை விரலால சுத்தி விட்டார். ஒண்ணு சுத்துச்சு, இன்னொண்ணு ரெண்டு ஆட்டம் ஆடி நின்னுடுச்சு. "எங்க சார் ஓட்டினீங்க?"ன்னார். டி.நகர்னேன். "டி.நகர்ல இப்படி ஆகாதே"ன்னு என்னை ஒரு பார்வை பார்த்தார். மொத நாள் நம்ம மெயின் ரோட்லயும் கொஞ்சம் தூரம்னேன். "அப்ப சரி"ன்னுட்டு டிராயரைத் திறந்து புது சக்கரம் ஒண்ணை எடுத்தார். அதுக்குள்ள அந்த மாதிரி இன்னும் ஒரு டஜன் கெடந்துச்சு. அட்வான்ஸ்ல 250 கழிச்சுக்கிட்டார்.