ஜிஎச் ரன் வாட்ச்: மூன்று வருடப் பழக்கம்

எழுதிய நிரலைக் கிட்ஹப் தளத்துக்குப் புஷ் செய்வேன், அதைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் ‘பில்ட்’ எப்படிப் போகிறது என்று பார்க்கப் பிரவுசரில் ஆக்‌ஷன்ஸ் டேபைத் திறப்பேன், மஞ்சள் வட்டம் சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்ப்பேன், அப்படியே வேறு எங்கோ போய்விடுவேன். திரும்பி வந்தால் பில்ட் உடைந்து 20 நிமிடம் ஆகியிருக்கும். கிட்ஹப்பின் கட்டளைவரிக் கருவியான ஜிஎச்-இல் 2021-இல் ‘ரன்’ கட்டளைகள் வந்தன. நான் கொஞ்சம் தாமதமாகத்தான் பிடித்துக்கொண்டேன்; பிடித்தபின் விடவில்லை.

‘ஜிஎச் ரன் வாட்ச்’ என்று அடித்தால், ஓடிக்கொண்டிருக்கும் ரன்களை, அதாவது இப்படித் தானாக ஓடும் பில்ட், டெஸ்ட் சுற்றுகளைக் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் முடிந்ததற்கு டிக், ஓடுவதற்கு நட்சத்திரம், விழுந்ததற்கு எக்ஸ். புஷ் செய்த கையோடு அடித்தால் மட்டும் எதுவும் ஓடவில்லை என்று கைவிரித்துவிடும். ரன் பதிவாகச் சில விநாடி பிடிக்கிறது. என் ஸ்கிரிப்டில் அதற்காகவே ஐந்து விநாடி ஸ்லீப் வைத்திருக்கிறேன். அசிங்கம்தான், ஆனால் வேலை நடக்கிறது.

சூடு பட்டது வேறு இடத்தில். வாட்ச் முடிந்ததும் டெஸ்ட் சர்வரில் டிப்ளாய் ஆகட்டும், அதாவது புது நிரல் அங்கே ஏறட்டும் என்று நடுவில் இரண்டு ‘அண்ட்’ குறி (&&) போட்டு இணைத்திருந்தேன்; முதல் கட்டளை வெற்றி என்று சொன்னால் மட்டுமே அடுத்தது ஓடும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை டெஸ்ட்கள் விழுந்தன. டிப்ளாய் மட்டும் ஜோராக நடந்தது. ரன் தோற்றாலும், பார்க்கச் சொன்னாய், பார்த்துவிட்டேன் என்று வாட்ச் பூஜ்யத்தோடுதான், அதாவது வெற்றி என்ற குறியோடுதான், வெளியேறும். கட்டளையோடு ‘எக்ஸிட் ஸ்டேட்டஸ்’ ஃபிளாகைச் சேர்த்தால்தான் தோல்வியைத் தோல்வி என்று சொல்லும். ஹெல்ப்பிலேயே இருக்கிறது. நான் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு அதிகம் பிடித்தது வாட்ச்கூட இல்லை, ஒரு ரன்னின் விவரத்தைக் காட்டும் ‘ரன் வியூ’ கட்டளையோடு வரும் ‘லாக் ஃபெயில்ட்’ ஃபிளாக். பேக்கேஜ் இறக்கிய கதையெல்லாம் தள்ளிவிட்டு, விழுந்த படியின் லாகை (ஓடும்போது பதிவான வரிகளை) மட்டும் கொட்டும். வரிகளில் சொல் தேடும் கிரெப்பில் விட்டால் அரை நிமிடத்தில் குற்றவாளி வரி கிடைத்துவிடும். அப்புறம் ‘ரீரன் ஃபெயில்ட்’ அடித்து விழுந்ததை மட்டும் மறுபடி ஓட விடுவேன்.

ஓடிக்கொண்டிருக்கும் ஜாபின் (ரன்னுக்குள் இருக்கும் படிகளின் தொகுப்பின்) லாகை இதில் பார்க்க முடியாது. அதற்கு இன்றும் பிரவுசர்தான். இன்னொன்று, வாட்ச் 3 விநாடிக்கு ஒருமுறை கிட்ஹப் சர்வரைக் கேட்கிறது. ஒரு கணக்குக்கு மணிக்கு 5,000 கோரிக்கைதான் வரம்பு. நான்கைந்து ஜன்னலில் ஓட விட்டு ஒருநாள் அதையும் முட்டினேன். இப்போது இடைவெளி 15 விநாடி. எங்கள் பில்டுக்கு எப்படியும் 12 நிமிடம் ஆகிறது.