பஸ்டர் கீட்டன்: சுதந்திரமா, ஸ்டுடியோ ஒப்பந்தமா?
அமெரிக்க மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் திரைவாழ்வை 1928ஆம் ஆண்டு இரண்டாகப் பிரிக்கிறது. அதற்கு முன்பு, தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க் முதலீடு செய்ய, தொடக்கமும் முடிவும் தெரிந்தாலே படப்பிடிப்பில் இறங்கி, இடைப்பட்ட கதையைத் தம் சிறு குழுவோடு களத்திலேயே உருவாக்கிக்கொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது. 'தி ஜெனரல்' படத்துக்காக உண்மையான ரயில் எஞ்சினை எரியும் பாலத்திலிருந்து ஆற்றில் விழச் செய்ததும், 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் வீட்டின் முகப்புச் சுவர் முழுதாகத் தம்மீது சரிய, ஜன்னல் இடைவெளிக்குள் அசையாமல் நின்று தப்பியதும் அந்த உரிமையால் விளைந்தவையே. ஆனால் 'தி ஜெனரல்' செலவுக்கேற்ற வசூலைத் தரவில்லை. தம் பெயரைத் தாங்கிய நிறுவனத்திலும் அவருக்குப் பங்கு கிடையாது. ஆகவே, சாப்ளின் எச்சரித்தும் அவர் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோவான எம்.ஜி.எம்.மில் சேர்ந்தார்.

அங்கே சம்பளம் உறுதியாக வந்தது. முதல் படமான 'தி கேமராமேன்' முந்தைய படங்களுக்குச் சளைத்ததன்று. அதன்பின் அதிகாரிகள் ஒப்புதல் அளித்த திரைக்கதை, வசனத்தை நம்பிய நகைச்சுவை, நகைச்சுவை நடிகர் ஜிம்மி டுராண்டியுடன் ஒட்டாத கூட்டணி ஆகியவற்றுக்குள் அவர் அடைபட்டார். குடிப்பழக்கமும் முற்ற, 1933இல் வெளியேற்றப்பட்டார். பேசும்படம்தான் அவரை வீழ்த்தியது என்பது எளிமையான விளக்கம், ஆனால் அவருடைய எம்.ஜி.எம். பேசும்படங்கள் நன்றாகவே வசூலித்தன. வசூலை அளவுகோலாகக் கொண்டால் ஒப்பந்தமே சரி. இன்றும் பார்க்கத்தக்க படங்களைக் கொண்டு அளந்தால் முந்தைய காலமே மேல்.