தி.நகர் சந்துக் கடையா, மேடவாக்கம் மெயின் ரோடா? தள்ளுபடிக் கடைக்கு எது கட்டுப்படியாகும்

தள்ளுபடிக் கடை போட நினைக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது சதுர அடி வாடகையைத்தான். அந்த வாடகையைக் கட்ட மாதம் எவ்வளவுக்கு விற்க வேண்டும் என்று கணக்குப் போட்டாலே பாதி இடங்கள் தானாகக் கழிந்துவிடும்.

நூறு ரூபாய் விற்றால் பதினைந்து ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தி.நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில் சின்னக் கடை, வாடகை ஒன்றரை லட்சம். பேச்சுக்குத்தான், நாலு கடை தள்ளிப் போனால் ரேட் மாறும். வாடகைக்கு மட்டுமே 10 லட்சத்துக்கு விற்றாக வேண்டும். புறநகரான மேடவாக்கத்தில் அதைவிடப் பெரிய இடம் 60,000-க்குக் கிடைத்தால் 4 லட்சம் போதும். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். அந்தப் பணத்துக்கு வருடம் 12 சதவீத வட்டி போட்டால் தி.நகரில் மாதம் 15,000, மேடவாக்கத்தில் 6,000. பில் எதுவும் வராததால் பலர் இதைச் செலவிலேயே சேர்ப்பதில்லை.

தி.நகருக்குப் பலம் கூட்டம். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்குகிறவர் வாங்கத்தான் வருகிறார். நோட்டீஸ் அடிக்க வேண்டாம். ஆனால் பக்கத்துக் கடை ஐந்து ரூபாய் குறைத்தால் நீங்களும் அன்றைக்கே குறைக்க வேண்டும். சரக்கு இறக்குவது இன்னொரு தலைவலி. பகலில் அந்த நெரிசலுக்குள் வண்டி போகாது. கடை சாத்திய பிறகு சௌகார்பேட்டை சரக்கோடு குட்டி யானை தெருமுனையில் வந்து நிற்கும். அங்கிருந்து பெட்டி பெட்டியாகத் தலைச்சுமை. பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி, அதற்காகக் கண்விழிக்கும் பையனுக்கு டிபன் காசு. புறநகரில் வண்டி வாசலிலேயே நிற்கும்.

ஆள் செலவில் வித்தியாசம் இன்னும் அதிகம். தி.நகரில் வெளியூர்ப் பையன்களை வைத்தால் தங்க இடமும் சாப்பாடும் நம் தலையில். மேடவாக்கத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நடந்தே வருவார்கள். ஆள் பத்தைத் தொட்டால் இஎஸ்ஐ வரும், முதலாளி பங்கு 3.25 சதவீதம், இருபதில் பிஎஃப். எங்கே கடை போட்டாலும் உட்கார ஸ்டூல் போட்டாக வேண்டும், 2021-லேயே சட்டம் வந்துவிட்டது.

கரண்ட்டில் புறநகர் பெரிய கடைதான் தோற்கும். வணிக இணைப்புக்கு வீட்டுக்குப் போல இலவச யூனிட் கிடையாது. வாங்கிய கிலோவாட்டுக்கு மாதாமாதம் நிலைக் கட்டணம் வேறு. இடம் பெரிசாக இருக்கிறதே என்று ஏசி போட்டு மாதம் 25,000 கூடினால், அதற்கே இன்னும் 1.67 லட்சம் விற்க வேண்டும். பிளாஸ்டிக் குடம் வாங்க வருகிறவர் ஏசியைத் தேடி வருவதில்லை. நல்ல ஃபேனும் காற்றோட்டமும் போதும்.

ஜிஎஸ்டியில் காம்போசிஷனா, ரெகுலரா? காம்போசிஷன் என்றால் மொத்த விற்பனையில் ஒரு சதவீதம் கட்டிவிட்டுப் போவது, சரக்கு வாங்கும்போது கொடுத்த வரி திரும்பாது; ரெகுலரில் அதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டலாம். காம்போசிஷனுக்கு வரம்பு வருட விற்பனை 1.5 கோடி, தினம் 41,000 ரூபாய் ஓடினாலே தொட்டுவிடும். தி.நகரில் அது சீக்கிரம் நடக்கும், எனவே அங்கே யோசிக்கவே வேண்டாம், ரெகுலர்தான். மேடவாக்கத்திலும் கண்ணை மூடிக்கொண்டு காம்போசிஷன் போகாதீர்கள். 2025 செப்டம்பரில் சோப்பு, ஷாம்பூ, பற்பசை, பிஸ்கட் எல்லாம் 5 சதவீதத்துக்கு வந்துவிட்டன. வரி நீங்கலாக 100-க்கு வாங்கி 115-க்கு விற்றால் ரெகுலரில் கையிலிருந்து கட்டுவது 75 காசு. காம்போசிஷனில் வரியோடு சேர்ந்த அதே விலைக்கு விற்று ஒரு சதவீதம் கட்டினால் 1 ரூபாய் 20 காசைத் தாண்டும். வாடகைக்குப் போடும் 18 சதவீதத்தையும் திரும்ப எடுக்க முடியாது. 18 சதவீதச் சரக்கே அதிகம் என்றால்தான் கணக்கு மாறும்.

என் ஓட்டு மேடவாக்கத்துக்கு; ஆனால் முதல் மாடி பெரிய ஹாலுக்கு இல்லை, ரோட்டைப் பார்த்த சின்னத் தரைத்தளத்துக்கு. தள்ளுபடிக் கடைக்குப் படியேற வைப்பது கஷ்டம். ஒரே பயம் தண்ணீர். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கத்திலேயே இருக்கிறது. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், எதிர் டீக்கடையில் கேளுங்கள். டீக்கடைக்காரர் காட்டுகிற உயரத்துக்கு மேலேதான் முதல் ரேக். சரக்குக்கு இன்சூரன்ஸ் போடும்போது வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தே கையெழுத்து.