தேயிலை மலையின் இரு அந்துப்பூச்சிகள்: டோர்ட்ரிக்ஸும் சிவப்புப் புழுவும்

இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது, எட்டரூசியா ஈடியா என்னும் அந்துப்பூச்சியின் செங்கல் நிறப் புழுவேயாகும். தடித்த உடலும் வரிசையான முண்டுகளும் கொண்ட இப்புழு, தொட்டால் தெளிந்த நீர்மத்தைக் கசியவிடும். முதிர்ந்த இலைகளையே பெரிதும் தின்னும். இதன் அந்துப்பூச்சியோ, கருமையான இறகுகளில் வெளிர்ப் பட்டைகளுடன் பட்டப்பகலில் பறப்பதால், பலரும் அதை வண்ணத்துப்பூச்சி என்றே எண்ணிவிடுகின்றனர். இந்தியா, இலங்கை தொடங்கி ஜப்பான் வரை இவ்வினம் பரவியுள்ளது.

இதற்கு நேர்மாறானது ஹொமோனா கொஃபேரியா எனப்படும் தேயிலை டோர்ட்ரிக்ஸ். பழுப்பு நிறமுள்ள இச்சிறு பூச்சி, இலைமேல் மீன் செதில்களைப் போல ஒன்றின்மேல் ஒன்றாக முட்டைகளை அடுக்கும். பொரித்த புழு இளம் இலைகளைப் பட்டிழையால் பிணைத்து, அந்த மறைவுக்குள்ளிருந்தே மேயும். பெயரிலுள்ள 'கொஃபேரியா' கோப்பியைக் குறிக்கும். 1861இல் இது விவரிக்கப்பட்டபோது இம்மலைகளில் கோப்பியே ஆண்டது, தேயிலை அதன் பின்னரே வந்தது.

சிவப்புப் புழுவைக் கையாலேயே பொறுக்கி அழிக்கலாம். இலைக்கூட்டுக்குள் ஒளியும் டோர்ட்ரிக்ஸுக்கு அது போதாது என்பதாலேயே, 1930களில் யாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் ஹொமோனே என்னும் ஒட்டுண்ணிக் குளவி இங்கு கொண்டுவரப்பட்டது. என் கணிப்பில், தோற்றத்தால் அச்சமூட்டும் சிவப்புப் புழுவைவிட, அடக்கமான டோர்ட்ரிக்ஸே தோட்டத்துக்குப் பெரிய எதிரி.