பீப் சைட் போட்டு நாலு வருஷம்: கழற்றவே கூடாத குழல்

போன சனிக்கிழமை நண்பர் ஒருவர் போன் செய்தார். வன்னியில் பிறந்தவர், இப்போது டென்வரில் எனக்கு இருபது நிமிஷத் தொலைவில் இருக்கிறார். "அண்ணை, உங்கட இடியனில ஓட்டைச் சைட் ஒண்டு பூட்டியிருக்கிறியள் எல்லே, அது எப்பிடி? எனக்கும் கண் மங்குது" என்றார். முன்வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு அவர்கள் ஊரில் இடியன் என்றுதான் பெயர். நம் பக்கம் நாட்டுத் துப்பாக்கி என்போம். ஓட்டைச் சைட் என்று அவர் சொன்னது பீப் சைட்டை, அதாவது கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துவாரத்தின் வழியாகக் குறி பார்க்கும் சைட்டை.

நல்ல நேரம் பார்த்துக் கேட்டார். அன்று காலைதான் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடமிருந்து என்னுடையதை வாங்கி வந்திருந்தேன். சைட்டுக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் அந்தச் சைட்டால் வந்த வேலைக்கே கூலியாகக் கொடுத்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அவரிடம் போனில் அரை மணி நேரம் புலம்பினேன். கேட்கும் நாலு பேருக்கு உதவட்டும் என்று அதையே கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

துப்பாக்கியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செயின்ட் லூயிஸில் ஹாக்கன் சகோதரர்கள் செய்த மலைநாட்டுத் துப்பாக்கியின் சாயலில் இத்தாலியில் செய்தது. கேப் (தட்டினால் பொறி விடும் சின்ன உலோக மூடி) வைத்துச் சுடுவது, .54 காலிபர், எண்பட்டைக் குழல் 32 அங்குலம், குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளம் 60 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பருத்தித் துணியில் சுற்றிய உருண்டை ஈயக் குண்டும் 80 கிரெயின் கரிமருந்தும் போட்டால் 50 கஜத்தில் குண்டுகள் ஒழுங்காக ஓரிடத்தில் குழுமும். ஒழுங்கில்லாமல் போனது என் கண்தான்.

நாற்பத்தெட்டு வயதில் அது தெரிந்தது. பழைய சைட் என்றால் குழலின் நடுவாக்கில் ஒரு வெட்டு, முனையில் ஒரு தகடு. வெட்டு, தகடு, இலக்கு மூன்றையும் ஒரே சமயத்தில் கண் பிடிக்க வேண்டும். இளவயதில் கண் மூன்றுக்கும் ஓடி ஓடிப் பார்த்து நம்மை ஏமாற்றிவிடும். எனக்கு வெட்டு மொத்தமாகக் கரைந்து கம்பளிப்பூச்சி மாதிரி ஆகிவிட்டது. பல்நோக்குக் கண்ணாடி போட்டால் இன்னும் மோசம். தகடு தெரியத் தலையைத் தூக்கினால் கன்னம் கட்டையை விட்டு எழும்பிவிடும்.

பீப் சைட் போட்ட முதல் நாள் நடந்ததை இன்னும் மறக்கவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் முன் தகடு. தகட்டின் மேல் விளிம்பு பிளேடால் சீவினது போல நிற்கிறது, அதே நேரம் பின்னால் இலக்கும் தெரிகிறது. கண்ணாடி இல்லாமல் பஸ் போர்டு படிக்க விரலை மடக்கி ஓட்டை செய்து பார்ப்போமே, அதே சங்கதிதான். சின்னத் துவாரத்தின் வழியாக வரும் வெளிச்சத்தில் கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஓரளவு சேர்ந்தே தெளியும். வட்டத்தின் நடுவைத் தேட வேண்டியதும் இல்லை, கண் தானாக அங்கே போய் நின்றுகொள்ளும். நாம் தகட்டை மட்டும் பார்த்தால் போதும். அன்று ஐந்து குண்டும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின. அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறிக்கொண்டிருந்தவன் நான்.

'பழைய துப்பாக்கியில் இதெல்லாம் போடலாமா, பாரம்பரியம் என்னாவது' என்று இழுப்பவர்கள் சுடுகளத்தில் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்கு நான் 1874-ஐச் சொல்வேன். நியூயார்க்கின் கிரீட்மோரில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 கஜத்தில் போட்டியிட்டன. அமெரிக்கர்கள் பின்வாயில் தோட்டா போடும் துப்பாக்கியால் சுட்டு 934 புள்ளி எடுத்தார்கள். அயர்லாந்துக்காரர்கள் ரிக்பி செய்த முன்வாய்த் துப்பாக்கியால் 931 எடுத்தார்கள். அந்த ரிக்பிகளில் இருந்ததும் துவாரச் சைட்தான். ஆயிரம் கஜம் வரை சுட்டு மூன்றே புள்ளியில் தோற்ற துப்பாக்கியைப் பாரம்பரியம் இல்லை என்று யாராவது சொல்லட்டும். சட்டமும் இங்கே தடுக்கவில்லை. கொலராடோவின் செப்டம்பர் முன்வாய்த் துப்பாக்கிப் பருவத்தில் தொலைநோக்கி கூடாது, பீப் கூடும். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், அவரவர் ஊர் விதியைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

எங்கே பொருத்துவது என்பதில்தான் நான் சறுக்கினேன். அதை அப்போது சறுக்கல் என்று நினைக்கவில்லை.

முக்கியமாக இரண்டு வழி உண்டு. ஒன்று, பழைய பின் சைட் இருந்த இடத்திலோ அதற்குப் பின்னாலோ குழலின் மேலேயே துவாரத்தை வைப்பது. பழைய இடம் கண்ணிலிருந்து தள்ளி இருப்பதால் துவாரம் பெரிதாக வேண்டும், தெளிவு குறையும். இன்னும் பின்னால் கொண்டுவர வேண்டுமானால் குழலில் துளை போட்டு மரை வெட்ட வேண்டும். நல்ல குழலில் துளை போட எனக்கு மனசு வரவில்லை. இரண்டாவது, குழலுக்குப் பின்னால் கட்டையில் பதிந்திருக்கும் வால் தகட்டில் பொருத்துவது. என் துப்பாக்கியில் அதற்கான மரைத் துளைகள் முன்பே இருந்தன. நிரப்பு ஆணியைக் கழற்றி, சைட்டை வைத்து, ஆணி முறுக்கினால் முடிந்தது. கண்ணுக்கும் கிட்டம். முன் தகட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே பழையபடி 23 அங்குலம் இருந்தது 33 ஆகிவிட்டது, அதுவும் லாபம். வேறென்ன வேண்டும் என்று வாங்கிவிட்டேன்.

பொருத்துவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்றார்கள். எனக்கு மூன்று ஞாயிறு ஆனது. பழைய பின் சைட் நடுவில் நின்று மறைக்கும், அதை எடுத்தாக வேண்டும். இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாகப் பித்தளைக் கோல் வைத்துத் தட்ட வேண்டும். இரும்புக் கோல் வைத்துத் தட்டி ஒரு வடு போட்டுவிட்டு அப்புறம் பித்தளை வாங்கினேன். காலியான பள்ளத்துக்கு ஒரு வெற்றுத் துண்டு செருகினேன். கேப்பைத் தட்டும் குதிரையை முழுதும் இழுத்து நிறுத்தி, கட்டைவிரல் சைட்டில் இடிக்கிறதா என்று பார்த்தேன். இடிக்கவில்லை.

முதல் குண்டு இலக்குக்கு எட்டு அங்குலம் மேலே போனது. சைட்டை அடிமட்டம் வரை இறக்கியும் அப்படித்தான். பீப் பழைய வெட்டைவிட உயரம், அதற்கு ஈடாக முன் தகடும் உயர வேண்டும், இந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லவில்லை. கணக்கு எளிது: எவ்வளவு மேலே போகிறதோ அதை இரண்டு சைட்டுக்கும் இடையே உள்ள தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். எட்டு அங்குலத்தை 33-ஆல் பெருக்கி, 50 கஜத்தின் 1800 அங்குலத்தால் வகுத்தால் சுமார் 0.15 அங்குலம், அதாவது நாலு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முன் தகடு அவ்வளவு உயரமாக வேண்டும். கொஞ்சம் அதிக உயரத்தில் வாங்கி அரத்தால் தேய்த்து இறக்குவதுதான் முறை. தேய்க்கத் தேய்க்கக் குண்டு மேலே ஏறும். நான்கு இழுப்புக்கு ஒரு தடவை சுட்டுப் பார்க்க வேண்டும். நான் பத்து இழுத்தேன். இரண்டாவது தகடு வாங்கினேன். இது முழுக்க என் அவசரம், சைட்டின் மேல் பழி போட முடியாது.

இனி சைட்டின் மேல் போட வேண்டிய பழிக்கு வருகிறேன்.

கரிமருந்தின் கரி ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும், சுட்ட அன்றே கழுவியாக வேண்டும். இந்த ஜாதித் துப்பாக்கியில் அதற்கு அழகான ஏற்பாடு உண்டு. குழலின் பின்முனையில் ஒரு கொக்கி, அது வால் தகட்டில் மாட்டியிருக்கும். கட்டையின் குறுக்கே போகும் ஆப்பைத் தட்டி எடுத்தால் குழல் தனியே தூக்கிக்கொண்டு வரும். வெந்நீர் வாளியில் பின்முனையை நிறுத்தி, மருந்து கெட்டிக்கும் கஜக்கோலில் துணி சுற்றி மேலும் கீழும் இழுத்தால் கறுப்புத் தண்ணீர் கொப்புளித்து வரும். தீபாவளி மறுநாள் தெரு வாசனை குளியலறை முழுக்க நிற்கும், வீட்டில் ரெண்டு நாளைக்குப் பேச்சு வார்த்தை இருக்காது. அது வேறு கதை.

பழைய சைட்டுக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை. முன் தகடும் குழலில், பின் வெட்டும் குழலில். எங்கே கழற்றி எங்கே மாட்டினாலும் இரண்டும் சேர்ந்தே போய் வரும். இப்போதோ பின் சைட் வால் தகட்டில், முன் சைட் குழலில். நடுவில் ஒரு கொக்கி. கதவை ஒரு சுவரிலும் தாழ்ப்பாளை வேறு சுவரிலும் வைத்த மாதிரி. கொக்கி எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது, ஆப்பு எவ்வளவு ஆழம் போகிறது என்பதை வைத்து ஒவ்வொரு தடவையும் உறவு மாறும்.

முதல் வருஷம் இது எனக்குப் புரியவே இல்லை. ஒரு வாரம் நடுவில் விழும், அடுத்த வாரம் இடப்பக்கம். மருந்தை மாற்றினேன், துணியின் கனத்தை மாற்றினேன், கேப்பைச் சந்தேகித்தேன், கடைசியில் என்னையே சந்தேகித்தேன். சைட்டின் திருகைக் கால் நிமிஷக் கிளிக் (நேரமில்லை, கோணத்தின் நிமிஷம்: ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி, எந்தக் கிளிக் எங்கே இருந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். 50 கஜத்தில் ஒரு கிளிக் என்பது மூன்று மில்லிமீட்டர் சொச்சம். நான் துரத்திக்கொண்டிருந்தது பத்துப் பன்னிரண்டு கிளிக்.

ஒரு நாள் பொறுமை போய் ஒரு காரியம் செய்தேன். ஐந்து குண்டு சுட்டேன். அங்கேயே குழலைக் கழற்றி, துடைக்கக்கூட இல்லாமல், திரும்ப மாட்டி அடுத்த ஐந்து. குண்டுகள் விழுந்த குழு அப்படியே நாலு சென்டிமீட்டர் இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தது, அதே இறுக்கத்தோடு. மறுபடி கழற்றி மாட்டினேன், இப்போது மேலே. கணக்குப் போட்டால் துவாரம் முக்கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலே இது நடக்கும். இலக்கு அட்டையையும் கொக்கியையும் மாறி மாறிப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

நியாயமாகச் சொன்னால், வேட்டையில் இந்த நாலு சென்டிமீட்டர் ஒன்றும் செய்யாது. மானின் நெஞ்சுப் பகுதி அதைவிடப் பெரிது. போன செப்டம்பரில் ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே அறுபது கஜத்தில் நின்ற மானுக்கு இந்தச் சைட்டைத்தான் நம்பினேன், குண்டு போக வேண்டிய இடத்துக்குப் போனது. ஆனால் நியாயம் வேறு, ஞாயிற்றுக்கிழமை அட்டைக்கு முன்னால் வரும் கோபம் வேறு. கிளிக் கிளிக்காக நுணுக்கம் தருகிறேன் என்கிற பொருள், அந்த நுணுக்கத்தை ஒரு வெந்நீர் வாளியில் கரைத்துவிடுவதை எப்படிப் பொறுப்பது? அட்டைப் பெட்டியில் இரண்டு வரி போட்டிருக்கலாமே: குழலைக் கழற்றினால் குறியைச் சரிபார்க்கவும் என்று.

அதைத்தான் இப்போது பழுது பார்த்தேன். கொக்கி உட்காரும் இடத்திலும் வால் தகட்டுக்கு அடியிலும் இரும்புத் தூள் கலந்த பசை போட்டு, ஒட்டக் கூடாத இடங்களில் மெழுகு தடவி, குழலை மாட்டி இறுக வைத்திருக்கிறார் பழுது பார்ப்பவர். பசை இறுகியதும் கொக்கிக்குக் கச்சிதமான படுக்கை கிடைத்துவிட்டது. வால் தகட்டு ஆணிக்கு மரைப் பசையும் போட்டாயிற்று. மூன்று தடவை கழற்றி மாட்டிச் சுட்டுப் பார்த்தேன். நகர்வு ஒரு சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டது. அது என் கையின் நடுக்கமாகக்கூட இருக்கலாம். இருந்தாலும் இனிக் குழலைக் கழற்றுவதாக இல்லை. கேப் வைக்கும் காம்பைக் கழற்றி, அந்த மரையில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைத் தண்ணீர்க் குப்பியில் விட்டு, கஜக்கோலால் பம்பு அடிப்பது போல இழுத்தால் கழற்றாமலே கழுவலாம். கட்டையில் தண்ணீர் படாமல் துணி சுற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சின்னத் தொல்லைகளும் உண்டு. துவாரத்தில் ஒரு மழைத்துளி உட்கார்ந்தால் உலகமே மறைந்துவிடும், ஊதித்தான் எடுக்க வேண்டும். அந்தி வெளிச்சத்தில் சின்னத் துவாரம் இருட்டு. வேட்டைக்குப் போகும்போது சின்னத் துவாரம் உள்ள உள்வட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய வளையத்தோடு போவதே நல்லது. கழற்றிய வட்டை சட்டைப் பையில் வைக்காதீர்கள். என்னுடைய முதல் வட்டு எங்கோ மலைப் புல்லில் கிடக்கிறது.

நண்பருக்கு என்ன சொன்னேன் என்றால், வாங்காதீர்கள் என்று சொன்னேன். குழல் கழற்றும் துப்பாக்கிக்கு வால் தகட்டு பீப் வேண்டவே வேண்டாம், பேசாமல் குழலில் துளை போடுங்கள் என்று அடித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அண்ணை, உங்கட சைட்டைக் கழட்டித் தாறியளே?" என்றார்.

தர மாட்டேன் என்றேன். வரும் ஞாயிறு அவருடைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வருகிறார். என் சைட் வழியாக ஐந்து குண்டு சுட்டுப் பார்க்கட்டும். பித்தளைக் கோலும் அரமும் என்னிடமே இருக்கின்றன. அரத்தை மட்டும் அவர் கையில் கொடுப்பதாக இல்லை.