அலாஸ்கா கப்பலில் எந்த அறை: கீழ்த்தள ஜன்னலா, மேல்தளப் பால்கனியா?

அலாஸ்காவுக்குக் கப்பலில் செல்ல முடிவெடுத்தவர்களுக்கு அடுத்து வரும் கேள்வி, எந்த அறையை எடுப்பது என்பதுதான். ஜன்னலே இல்லாத உள்ளறை, திறக்க முடியாத கண்ணாடி ஜன்னலுடன் கீழ்த்தளத்தில் அமைந்த கடல்நோக்கு அறை, மேல்தளங்களில் உள்ள பால்கனி அறை என மூன்று வகைகள் முன்னே இருக்கும். பேருந்தில் சிறிது தூரம் சென்றாலே குமட்டல் வந்துவிடும் என் அம்மாவை ஒரு ஜூலை மாதத்தில் அழைத்துச் சென்றபோது, கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதியை ஒட்டிய ஜன்னல் அறையையே எடுத்தேன். மீண்டும் செல்ல வாய்த்தாலும் அதையேதான் எடுப்பேன்.

விலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உள்ளறை மலிவானது, பால்கனி விலை கூடியது, ஜன்னல் அறை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஜூன் மாதத்தில் அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் இரவு ஏறத்தாழ பத்து மணி வரை சூரியன் மறையாது என்பதால், கும்மிருட்டில்தான் தூக்கம் வரும் என்பவர்களுக்கு உள்ளறை உண்மையிலேயே வசதியானது. ஆனால் கண்ணுக்கு அறை அசையாமல் தெரிய, காதின் உட்பகுதி மட்டும் ஆட்டத்தை உணரும்போதுதான் குமட்டல் கிளம்புகிறது. தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த முரண்பாடு பெருமளவு தணியும். அதனால் உள்ளறையை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

ஜன்னலுக்கும் பால்கனிக்கும் இடையே முடிவைத் தீர்மானித்தது கப்பலின் ஆட்டம். கப்பல் பக்கவாட்டில் சாயும்போது, ஏறத்தாழ நீர்மட்டத்தை ஒட்டிய ஓர் அச்சைச் சுற்றியே சாய்கிறது. காற்றில் தென்னையின் அடி அசையாதிருக்க, குருத்து மட்டும் எட்டி எட்டி வீசுவதைப் போன்றதுதான் இது. கணக்காகவே பார்க்கலாம்: கப்பல் 3 பாகை சாய்ந்தால், அச்சிலிருந்து 20 மீட்டர் உயரத்தில் படுத்திருப்பவர் ஏறத்தாழ 1 மீட்டர் பக்கவாட்டில் நகர்கிறார், மறுபுறம் சாயும்போது இன்னொரு மீட்டர். 3 மீட்டர் உயரத்தில் இருப்பவருக்கோ அது 16 சென்டிமீட்டர் அளவில் முடிந்துவிடுகிறது.

எனினும் கீழ்த்தளம் என்பது மட்டும் போதாது. முன்முனை ஏறிப் பின்முனை இறங்கும் ஆட்டத்துக்கு உயரம் பெரிய பொருட்டல்ல, நடுப்பகுதியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறோம் என்பதே முக்கியம். ஒரே ஒரு பாகை ஆட்டத்திலும், நடுவிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருப்பவர் ஒன்றே முக்கால் மீட்டர் மேலேறிக் கீழிறங்குவார். கப்பலின் இருபுறமும் நீருக்குள் நீளும் ஸ்டெபிலைசர் துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்குமே தவிர, இந்த முன்பின் ஆட்டத்தை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆகவே முன்முனையில் உள்ள கீழ்த்தள அறையைவிட, நடுவில் உள்ள சற்றே உயரமான அறை நல்லதாக அமையக்கூடும்.

புறப்படும் துறைமுகத்தையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். வான்கூவரிலிருந்து கிளம்பும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நீர்வழியில், அலையடங்கிய கடலில் செல்கின்றன. சியாட்டிலிலிருந்து கிளம்புபவை பெரும்பாலும் அந்தத் தீவின் மேற்கே, திறந்த பசிபிக் பெருங்கடலில் செல்கின்றன. வான்கூவர் வழியிலும், தீவின் வடமுனையைத் தாண்டியதும் வரும் குயின் ஷார்லட் சவுண்ட் என்ற கடற்பரப்பைக் கடக்கும் சில மணி நேரம் பெருங்கடலின் அலை நேராக வந்து மோதும். எங்கள் பயணத்தில் அந்த நேரத்தில் மேல்தள உணவுக்கூடத்தில் கோப்பையிலிருந்த காபி தட்டில் சிந்தியது. எங்கள் அறையிலோ ஜன்னல் திரையின் கீழ்விளிம்பு சுவரை விட்டு ஒரு விரற்கடை விலகி மீண்டும் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அம்மா மாத்திரை கேட்கவில்லை. மே, செப்டம்பர் மாதங்களில் கடல் பொதுவாக இன்னும் கொந்தளிப்பாக இருக்கும். அந்தப் பருவத்தில் நான் சென்றதில்லை என்பதால், என் அனுபவத்தைக் கோடைக்கு மட்டுமே பொருத்திக்கொள்ளுங்கள்.

கீழே இரைச்சல் அதிகம் என்று பலரும் அஞ்சுகிறார்கள். முன்முனை அறைகளில் அந்த அச்சம் நியாயமானதே. விடியற்காலையில் துறைமுகத்தை அணையும்போது கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் உந்திகள் அதிரும், நங்கூரச் சங்கிலி இறங்கும் ஓசையும் அங்கேதான் கேட்கும். நடுப்பகுதியில் மெல்லிய ரீங்காரம் மட்டுமே. மேல்தளத்துக்கும் அதற்கே உரிய தொல்லைகள் உண்டு. எடுத்துக்காட்டாக, ஜான்டாம் என்ற பயணிகள் கப்பலின் தள வரைபடத்தை எடுத்துக்கொண்டால், 1ஆம் தளத்து அறைகளுக்கு மேலே 2ஆம் தளத்திலும் பயணிகள் அறைகளே உள்ளன. 7ஆம் தளத்து அறைகளுக்கு மேலே நீச்சல்குளமும் உணவுக்கூடமும் உள்ள லீடோ தளம் வருகிறது. அங்கே நாற்காலி நகர்த்தும் ஓசையைத் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டு தூங்குவதைவிட இயந்திர ரீங்காரம் எவ்வளவோ மேல்.

பால்கனிக்குச் சாதகமாக ஒன்றை மனமாரச் சொல்ல வேண்டும். கிளேசியர் பே தேசியப் பூங்காவில், மார்ஜரி பனியாற்றின் முகப்பிலிருந்து பனிப்பாளம் பிளந்து விழும்போது எழும் இடியோசை மூடிய கண்ணாடிக்குள் சரியாக வராது. அதைத் திறந்த வெளியில் நின்றுதான் கேட்க வேண்டும். கப்பல் அங்கே நின்று மெல்லத் திரும்பி இரு பக்கத்தாருக்கும் காட்சி தருவதால், திறந்த மேல்தளத்துக்குச் சென்றவர்கள் எதையும் இழப்பதில்லை. ஆனால் குளிரில் நெடுநேரம் நிற்க முடியாதவர்கள், கூட்டத்தை விரும்பாதவர்கள், தனிமையில் கடலைப் பார்க்க வந்தவர்கள் ஆகியோருக்குப் பால்கனியின் கூடுதல் விலை வீணல்ல. எங்களுக்கு மறுபுறத்தில் கிடைத்தது நீரின் அண்மை. கூன்முதுகுத் திமிங்கிலத்தின் மூச்சு நீராவியாக எழுந்து கலைவதை, குனிந்து பார்க்காமல் ஏறக்குறைய நேர்மட்டத்திலேயே அம்மா கட்டிலில் அமர்ந்தபடி பார்த்தார்.

பதிவு செய்யும்போது ஒன்றில் கவனமாக இருங்கள். அறை எண்ணை நிறுவனமே பிறகு ஒதுக்கும் 'கேரண்டி' கட்டணம் சற்று மலிவாக இருக்கும். அதில் முன்முனையோ பின்முனையோ எதுவும் வரலாம். ஆட்டத்துக்கு அஞ்சிக் கீழ்த்தளத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், கூடுதல் தொகை கொடுத்தேனும் வரைபடத்தைப் பார்த்து, நடுப்பகுதியில், மேலும் கீழும் அறைகளே உள்ள ஓர் எண்ணைக் கேட்டுப் பெறுவது அவசியம்.